செய்முறை அதேதான், ருசி மட்டும் ஏன் வேறு?

அரைவேக்காடு

எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மா வைக்கும் ராஜ்மா குழம்பு என்றால் எனக்கு உயிர். செய்முறை கேட்டேன், உடனே எழுதி அனுப்பிவிட்டார். அப்படியே தருகிறேன்:

//ராஜ்மா ஒரு கப், இரவே ஊறவைக்கவும். வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று, பூண்டு நாலு பல், மிளகாய்த்தூள், உப்பு தேவையான அளவு. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மற்றதையும் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாக வேகவிட்டு இறக்கவும்.//

வரிக்கு வரி இப்படித்தான் செய்தேன். பயறு வேகவில்லை. குழம்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். அந்த மணம் வரவே இல்லை. கேட்டால், "எழுதினதைத்தானே நானும் செய்கிறேன்" என்கிறார். மறைக்கிறவர் இல்லை. அப்படியானால் இந்தக் குறிப்பில் என்ன விட்டுப்போயிருக்கிறது? நீங்கள் உங்களுக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எதையெல்லாம் எழுதுவீர்கள்?

தராசு

//உப்பு தேவையான அளவு//

இந்தச் சொற்களைத் தடை செய்ய வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன். யாருக்குத் தேவையான அளவு?

கப்பையும் நம்பாதீர்கள். அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, அங்கேயே அரிசி அளக்கிற கப் 180 மில்லி. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. உங்கள் பெரியம்மாவின் கப் இதில் எதுவுமே இல்லாமல் பிடி உடைந்த ஒரு பழைய கோப்பையாகவும் இருக்கலாம்.

கப் ஒன்றாகவே இருந்தாலும் அள்ளுகிற கை வேறு. மாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். நைசான பொடியுப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். தகடு தகடாக லேசாக இருக்கும் சில உப்பு வகைகள் அதே கரண்டியில் அதில் பாதிதான் நிற்கும். ஆக, ஒரே வரியைப் படித்துவிட்டு ஒருவர் போடுவதைவிட இன்னொருவர் இரண்டு மடங்கு உப்பு போடுகிறார். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, கிராமில் எழுதுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கைமணம்

தராசு, உங்கள் பெயரைப் பார்த்ததுமே என்ன சொல்வீர்கள் என்று தெரிந்துவிட்டது :)

ரொட்டி, கேக் என்றால் கிராம் வேண்டும், மறுக்கவில்லை. ஓவனுக்குள் போனபிறகு உள்ளே கைவிட்டுத் திருத்த முடியாது. குழம்பு அப்படியா? மூன்று தக்காளிக்குப் பதில் 300 கிராம் தக்காளி என்று எழுதினால் புளிப்பை அளந்ததாகிவிடுமா? நன்றாகப் பழுத்தது இனிக்கும், அரைப்பழம் பல்லைக் கூசவைக்கும். எடை ஒன்றுதான். மிளகாய் இன்னும் மோசம். ஒரே செடியில் பறித்த காய்களிலேயே காரம் கூடும் குறையும். 1912இல் வில்பர் ஸ்கோவில் மிளகாய்க் காரத்தை அளக்க ஒரு வழி கண்டார். என்ன செய்தார் தெரியுமா? மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கலந்து, காரம் தெரியாமல் போகும்வரை ஆட்களுக்கு ருசி பார்க்கக் கொடுத்தார். கடைசியில் அளவுகோல் நாக்குதான்.

தம்பி, பெரியம்மாவின் குறிப்பில் குறைவது கிராம் இல்லை. எந்தெந்த இடத்தில் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார், பார்த்தபிறகு என்ன சேர்க்கிறார், அதுதான் குறைகிறது.

அரைவேக்காடு

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் பயறு வேகாததற்கு உப்புக் கணக்கும் காரணமில்லை, நாக்கும் காரணமில்லையே அக்கா? இரவு முழுக்க ஊறியது, ஒன்றரை மணி நேரம் அடுப்பில் கிடந்தது.

சோடாஉப்பு

தக்காளியை எப்போது போட்டீர்கள்?

அரைவேக்காடு

வெங்காயம் வதங்கியதும் போட்டேன். அதன் மேலேயே பயறு, தண்ணீர். "மற்றதையும் போட்டு" என்றுதானே எழுதியிருக்கிறார்?

சோடாஉப்பு

அப்படியானால் தக்காளிதான். பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் முதலான சில பொருள்கள். அவை கரைந்து விட்டால்தான் பயறு குழையும். புளிப்பான தண்ணீரில் அவை எளிதில் கரையாது. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் இதே கதைதான். பயறை முதலில் தனியாக வேகவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்தபிறகு தக்காளி சேர்த்தால் ஒரு தொந்தரவும் இல்லை. உங்கள் பெரியம்மா கட்டாயம் அப்படித்தான் செய்கிறார். இதைக்கூடவா எழுத வேண்டும் என்று விட்டிருப்பார்.

இதைத் தவிர இரண்டு சாத்தியங்கள் உண்டு. கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதே பெக்டினை இறுக்கிக் கட்டும். உங்கள் வீட்டுத் தண்ணீரும் அவர் வீட்டுத் தண்ணீரும் ஒன்றில்லை என்றால் வேகும் நேரமும் ஒன்றாக இருக்காது. அப்புறம் பயறின் வயது. வெக்கையும் ஈரமுமான இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் முரண்டு பிடிக்கும். ஊறும் தண்ணீரில் என் பெயரில் உள்ள சரக்கை ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் மசியும். கூடிப்போனால் சோப்பு வாடை வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜ்மா என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. நாலைந்து பச்சைப் பயறு சாப்பிட்டாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடக் கொதியிலேயே நச்சு அழியும் என்றாலும் 30 நிமிடம் கொதிக்கவிடுவது பாதுகாப்பு. மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பானையில் பச்சையாகப் போட்டுவிட்டுப் போவது ஆபத்து. கொதிநிலைக்குக் கீழே பாதி வெந்த பயறில் நச்சு பச்சைப் பயறில் இருப்பதைவிடக் கூடிப்போகலாம். பெரியம்மா எழுதிய "நன்றாக" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

கைமணம்

நல்ல விளக்கம். உப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முதலிலேயே உப்பு போட்டாலும் பயறு வேகாது.

சோடாஉப்பு

அக்கா, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறிய பயறின் தோல் இன்னும் மென்மையாகத்தான் வேகும். தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது, பெக்டின் தளர்ந்துவிடுகிறது. பாதிப் பயறை உப்புத் தண்ணீரிலும் பாதியை வெறும் தண்ணீரிலும் ஊறவைத்து, தனித்தனியே வேகவைத்துப் பாருங்கள்.

கைமணம்

இத்தனை வருடம் கடைசியில்தான் உப்பு போட்டு வருகிறேன், என் பயறு வேகாமல் இருந்ததில்லை.

சோடாஉப்பு

கடைசியில் போட்டால் வேகாது என்று நான் சொல்லவே இல்லையே :)

மலைவீடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் பக்கமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையில் தண்ணீர் பொங்கிக் குதிக்கும், பயறு அசையாது. சமவெளியில் எழுதிய "45 நிமிடம்" எனக்கு உதவாது. பிரஷர் குக்கர்தான் ஒரே வழி. உள்ளே அழுத்தம் ஏறி 120 டிகிரி வரை போகும். உங்கள் ஊர் எவ்வளவு உயரம், பெரியம்மா ஊர் எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை.

அரைவேக்காடு

இரண்டுமே சமவெளிதான். தக்காளிதான் குற்றவாளி என்று தெரிகிறது. ஆனால் மணம்? அந்த அடர்த்தி? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

இரும்புச்சட்டி

அது என் துறை. வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்கினீர்கள்?

அரைவேக்காடு

ஐந்தாறு நிமிடம் இருக்கும். இணையத்தில் பல குறிப்புகளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இரும்புச்சட்டி

சமையல் எழுத்தில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான். நடுத்தரத் தீயில் பொன்னிறமாக 15, 20 நிமிடம் ஆகும். ஆழ்ந்த பழுப்புக்கும் இனிப்புக்கும் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உண்மையைப் போட்டால் படிக்கிறவர் ஓடிவிடுவார் என்ற பயம்.

காரணம் எளிது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. நமக்கு வேண்டிய பழுப்பும் மணமும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நடத்தும் வேலை. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையார் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். அது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். முதலில் தண்ணீர் போக வேண்டும், பிறகுதான் நிறம். நடுவில் குறுக்குவழி கிடையாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும், அது உதவும். சோடாஉப்பு ஒரு துளி போட்டாலும் சீக்கிரம் சிவக்கும், ஆனால் வெங்காயம் கூழாகிவிடும். குழம்புக்குப் பரவாயில்லை.

அடுத்து பாத்திரம். மெல்லிய எவர்சில்வர் தட்டையில் தீ படும் இடம் மட்டும் கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். அந்த உலோகத்துக்குச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பத் தெரியாது. வார்ப்பிரும்பும் அலுமினியம் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது, பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கனம் இருப்பதால் ஏறிய சூட்டை விடாது. வெங்காயத்தை மொத்தமாகக் கொட்டினாலும் சட்டி குளிர்ந்துபோகாது. அதனால்தான் முன்கூட்டியே சில நிமிடம் காயவைக்க வேண்டும். சின்னச் சட்டியில் மலைபோலக் குவித்தால் எந்த உலோகமும் காப்பாற்றாது. வெங்காயம் தன் ஆவியிலேயே அவிந்துபோகும்.

ஆக "பொன்னிறமாக வதக்கி" என்பது உங்கள் பெரியம்மாவுக்கு அரை மணி நேரம், உங்களுக்கு ஆறு நிமிடம்.

கைமணம்

இரும்புச்சட்டி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் நிமிடம் பார்ப்பதில்லை, சத்தம் கேட்பேன். வெங்காயம் போட்டதும் பெரிதாகச் சீறும். அது தண்ணீர் ஓடுகிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகச் சீற்றம் அடங்கி மெல்லிய பொரிசத்தமாக மாறும். அப்போதுதான் தண்ணீர் முடிந்து எண்ணெயின் வேலை தொடங்குகிறது. அதுவரை அடுப்பை விட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம். அந்தச் சத்தம் மாறியபின் ஒரு நிமிடம்கூட நகரக்கூடாது. தக்காளியும் அப்படித்தான், முதலில் கொப்பளிக்கும். சாறு வற்றியதும் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதுதான் கணக்கு.

இதை எந்தக் கிராமில் எழுதுவது, தராசு?

தராசு

கிராமில் எழுத முடியாது. ஆனால் எழுத்தில் எழுதலாமே. நீங்கள் இப்போது எழுதியதை உங்கள் பெண்ணுக்கோ மருமகளுக்கோ கொடுத்த குறிப்பில் எழுதியிருக்கிறீர்களா?

கைமணம்

இல்லை. "வதக்கவும்" என்றுதான் எழுதியிருப்பேன்.

பழையஏடு

கேலியில்லை, இது 3700 வருடப் பழக்கம். யேல் பல்கலைக்கழகத்தில் பாபிலோனியக் களிமண் பலகைகள் சில இருக்கின்றன, கிறிஸ்துவுக்கு முன் 1700 வாக்கில் எழுதியவை. உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சமையல் குறிப்புகளில் அவையும் அடக்கம். பெரும்பாலும் இறைச்சியும் கீரையும் போட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு வகைகள். என்னென்ன போட வேண்டும் என்று இருக்கும், எவ்வளவு, எத்தனை நேரம் என்பது அநேகமாக இருக்காது. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்காக எழுதிய ஞாபகக் குறிப்பு அது. தம்பியின் பெரியம்மா எழுதியதும் அதே வகைதான்.

மட்டமாகத் தட்டிய கரண்டி, மட்டமாகத் தட்டிய கப் என்று அளவை வீட்டுச் சமையலுக்குள் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர். அவருடைய சமையல் நூல் 1896இல் வந்தது. அதற்கு முந்தைய குறிப்புகளில் "முட்டை அளவு வெண்ணெய்" என்பது சாதாரணம். அதாவது, பார்த்தே பழகாத ஒருவர் படித்துச் செய்ய வேண்டும் என்று நினைத்து எழுதுவதே அண்மைக்காலப் பழக்கம். அம்மா பக்கத்தில் நின்று கற்ற காலத்தில் ஏட்டில் பாதி இருந்தால் போதும், மீதியைக் கண் பார்த்துக்கொண்டது. இப்போது பக்கத்தில் நிற்க ஆளில்லை, ஏடு மட்டும் அதே பாதி ஏடு.

சந்தேகம்

நீங்கள் எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். வேண்டுமென்றே ஒரு பொருளை விட்டுவிட்டுச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விருந்தில் எல்லோரும் புகழ்வார்கள், செய்முறை கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், வீட்டில் செய்தால் விளங்காது.

கைமணம்

இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சிலர்தான். மற்றவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, கை செய்வது அவர்கள் வாய்க்குத் தெரியாது. குழம்பு கொதிக்கும்போது போகிற போக்கில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுவிட்டு வருவேன். என்ன போட்டீர்கள் என்று கேட்டால் எனக்கே நினைவிருக்காது.

தராசு

அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, பலமுறை பயன்பட்டது. சமைக்கிறவரிடம் எதையும் அளக்கச் சொல்லாதீர்கள். அளக்கச் சொன்னால் கை தடுமாறும், எப்போதும் போடுவதைப் போடமாட்டார். அவர் தொடங்கும் முன்பே உப்பு டப்பா, எண்ணெய்ப் பாத்திரம், தூள் டப்பா எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். சமைத்து முடிந்ததும் மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் அவர் போட்டது. வெல்லம் உட்பட. நடுவில் கேள்வி வேண்டாம், கைப்பேசியில் ஒலியோடு படம் பிடித்தால் போதும், சத்தத்தையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். "இப்போது ஏன் தீயைக் குறைத்தீர்கள்" என்பதைச் சாப்பிட்ட பிறகு படத்தைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அவர்களே ஆச்சரியப்படுவார்கள்.

அரைவேக்காடு

தராசு அண்ணா, இது பிரமாதம். அடுத்த முறை போகும்போது செய்கிறேன்.

நுனிநாக்கு

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் பேசுங்கள். நான் ஒரு தோழிக்குச் செய்முறை கொடுத்தேன், விலாவாரியாக. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், சர்க்கரை பாதி, முட்டை கிடையாது, ஓவனுக்குப் பதில் தோசைக்கல். கடைசியில் "உன் கேக் சரியில்லை" என்றாள்.

சோடாஉப்பு

:) அது உங்கள் கேக்கே இல்லை.

எதை மாற்றலாம் என்பதற்கு ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருள் அங்கே ருசிக்காக மட்டும் இருக்கிறதா, வேலையும் செய்கிறதா? கேக்கில் சர்க்கரை ஈரத்தைப் பிடிக்கிறது, மாவு இறுகாமல் காக்கிறது, நிறம் தருகிறது. முட்டைதான் சட்டகம். அவற்றில் கை வைத்தால் கட்டடம் சரியும். ஏலக்காயை எடுத்துவிட்டுப் பட்டை போட்டால் வேறு மணம் வரும், அவ்வளவுதான். செய்முறை எழுதுகிறவர் "இதை மாற்றாதீர்கள், ஏனென்றால்" என்று இரண்டே இடத்தில் எழுதினால் போதும்.

மிளகுப்பொடி

அந்தக் குறிப்பில் "பூண்டு நாலு பல்" என்று இருப்பதை யாருமே தொடவில்லை. முழுசாகவா, தட்டியா, அரைத்தா? பூண்டின் காரமான வாடைக்குக் காரணமான அல்லிசின் பச்சைப் பல்லில் தயாராக இருப்பதில்லை. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ செல் உடைந்து, தனித்தனி அறையில் இருந்த ஒரு பொருளும் ஒரு நொதியும் சந்தித்தால்தான் அது உண்டாகும். முழுப் பல்லை அப்படியே கொதிக்கவிட்டால் சூட்டில் நொதி செத்துவிடும், பல் இனிப்பாக மெத்தென்று இருக்கும். அதே நாலு பல்லை அரைத்துப் போட்டால் வீடே மணக்கும். எண்ணிக்கை ஒன்றுதான், சாப்பாடு இரண்டு.

மிளகாய்த்தூளும் அப்படித்தான். காரமும் நிறமும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் சரியாகக் கரையாது. தூளை எண்ணெயில் சில நொடி புரட்டிவிட்டு உடனே தக்காளி சேர்த்தால் குழம்பு முழுக்கப் பரவும். தண்ணீரில் நேரே தூவினால் பச்சை வாடை அடிக்கும். எண்ணெயில் கூடுதலாக ஒரு நிமிடம் விட்டாலும் கருகிக் கசக்கும்.

வாய்க்கொழுப்பு

அரைத்த பூண்டு விழுதைக் கடையில் வாங்கிப் போடுகிறவர்களைச் சமையல்காரர் என்றே சொல்லக்கூடாது.

நுனிநாக்கு

வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வந்து சமைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

மட்டுறுத்துநர்

பூண்டு விழுதுச் சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். இதற்குக் கீழே வந்த ஐந்து பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன்.

அரைவேக்காடு

இதுவரை கிடைத்ததை வைத்துக் குறிப்பைத் திருப்பி எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

//ராஜ்மா 200 கிராம். இரவே ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து, விரலில் மசியும்வரை வேகவைக்கவும். அதுவரை தக்காளி பக்கத்திலேயே வரக்கூடாது. கனமான சட்டியைக் காயவைத்து, எண்ணெயில் 250 கிராம் வெங்காயம். சீறல் அடங்கும்வரை நடுத்தரத் தீ, அடங்கியபின் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருக்கவும். நிறம் தேன் மாதிரி வந்ததும் தட்டிய பூண்டு, பச்சை வாடை போனதும் மிளகாய்த்தூள், சில நொடியில் தக்காளி. எண்ணெய் பிரியும்வரை. பிறகு பயறும் அது வெந்த தண்ணீரும். கால் பங்கு பயறைக் கரண்டியால் நசுக்கிவிட்டுக் கொதிக்கவிடவும். ருசி பார்க்கவும்.//

நசுக்குவது பெரியம்மாவிடம் மறுபடி பேசியபோது கிடைத்தது. "அதுகூடத் தெரியாதா?" என்றார்.

இரும்புச்சட்டி

நசுக்குவதுதான் உங்கள் தண்ணீர்ப் பிரச்சினைக்கு மருந்து. பயறுக்குள் இருக்கும் மாவுச்சத்து வெளியே வந்து குழம்பைக் கட்டும். முதல் குறிப்பில் இந்த வரி மட்டும் இருந்திருந்தால்கூடப் பாதி தேறியிருக்கும்.

கைமணம்

நன்றாக இருக்கிறது தம்பி. "ருசி பார்க்கவும்" என்று மொட்டையாக விடாதே. எதைத் தேடிப் பார்ப்பது? தட்டையாக இருந்தால் உப்பு. உப்பு சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால் இரண்டு சொட்டு எலுமிச்சை. லேசாகக் கசந்தால் முதலில் இன்னும் கொஞ்சம் உப்பு போட்டுப் பார், உப்பு கசப்பை அமுக்கும். புளிப்பு தூக்கினால் வெல்லம். கொதிக்கக் கொதிக்க வாயில் வைக்காதே, ஆறவைத்துப் பார். நாக்கு சுட்டால் எதுவும் தெரியாது.

தராசு

உப்புக்கு நான் ஒரு எண் தருகிறேன், ஆரம்பப் புள்ளியாக மட்டும். முடிந்த குழம்பின் மொத்த எடையில் 1 சதவீதம். ஒரு கிலோவுக்கு 10 கிராம். அதில் தொடங்கி அக்கா சொன்னபடி நாக்கை நம்பலாம். டப்பாவை முன்னும் பின்னும் நிறுக்கும் வேலையை அக்கா தன் வீட்டிலேயே ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கைமணம்

செய்தேன். உங்களுக்காக இல்லை, ஆர்வத்தில். ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தக்காளி அதிகம் புளித்தால் இன்னும் கூடப் போடுவேன்.

தராசு

எவ்வளவு கூட?

கைமணம்

தேவையான அளவு.

மலைவீடு

:))

புதுமுகம்

நேற்றுதான் சேர்ந்தேன், இழை முழுவதும் படித்துவிட்டு அரைவேக்காடு எழுதிய இரண்டாவது குறிப்பை வைத்துச் செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. மீதி மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது. இது என் பிரமையா?

சோடாஉப்பு

பிரமை இல்லை. ஆறும்போது மாவுச்சத்து இன்னும் கெட்டியாகும், உப்பும் காரமும் பயறின் நடுவரை ஊறும். பச்சையாகத் துருத்திக்கொண்டிருந்த வாசனைகள் கொஞ்சம் அடங்கும்.

ஆனால் இரவு முழுக்க அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு மறுநாள் சூடாக்கினீர்கள் என்றால் அது வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், அதனால் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். குளிர்பெட்டி 5 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. மீந்த சோற்றில் இன்னும் கவனம் தேவை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்து விடும் நச்சுகளில் ஒன்று, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

புதுமுகம்

நல்லவேளை, குளிர்பெட்டியில்தான் வைத்தேன். இன்னொரு சந்தேகம். ஓவன் குறிப்புகளில் 180 டிகிரி என்று போட்டிருந்தால் என் ஓவனில் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கிறது. விசிறி உள்ள ஓவன்.

இரும்புச்சட்டி

விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்து 160இல் வையுங்கள், குறிப்பில் விசிறி என்று தனியாகச் சொல்லாதவரை. அப்படியும் சரிவரவில்லை என்றால் உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. கேக் அச்சு கறுப்பா, பளபளப்பா? கறுப்பு சூட்டை அதிகம் இழுக்கும்.

புதுமுகம்

கறுப்புதான். படம் எடுத்துப் போடுகிறேன்.